புகையிலையும் ஊக்கமருந்தும்: அரசின் கை எதுவரை?

ஒருவர் தம் உடலுக்குள் எதைச் செலுத்திக்கொள்ளலாம் என்பதில் அரசுக்கு வேலை உண்டா என்னும் கேள்வி எழும்போதெல்லாம், புகைபிடித்தலும் விளையாட்டு வீரர்களின் ஊக்கமருந்துப் பயன்பாடும் அடுத்தடுத்த சான்றுகளாக எடுத்துவைக்கப்படுகின்றன. இரண்டிலும் வயதுவந்த ஒருவர் தெரிந்தே தமக்குத் தீங்கு தேடிக்கொள்கிறார் என்ற வெளித்தோற்ற ஒற்றுமையே இதற்குக் காரணம். உற்று நோக்கினால், ஒன்று கோடிக்கணக்கானோர் நாள்தோறும் காசு கொடுத்து வாங்கும் சரக்கு. மற்றது ஒப்பிடுகையில் மிகச் சிலர் மறைவில் செய்யும் போட்டி விதிமீறல். முன்னதில் அரசுக்கு வரி வருகிறது. பின்னதில் பதக்கம் வருகிறது. நெறிமுறை குறித்த விவாதங்கள் இந்தக் கடைசி வேறுபாட்டைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. ஆனால் எந்தச் சட்டம் பலித்தது, எது ஏட்டளவில் நின்றது என்று ஆராயும்போது, அரசு தலையிட்டதா என்பதைவிட, அது யார்மீது கை வைத்தது, அதில் அதற்கு என்ன ஆதாயம் இருந்தது என்ற இரண்டு கேள்விகளுமே கூடுதலாக விளக்குகின்றன.

இத்துறையில் தனிமனித உரிமையின் பக்கம் நின்று பேசுவோர் அனைவரும் ஏதோ ஒரு வகையில் ஜான் ஸ்டூவர்ட் மில்லுக்குக் கடன்பட்டவர்கள். 1859இல் வெளிவந்த தம் சுதந்திரம் பற்றிய நூலில், ஒருவர்மீது அவர் விருப்பத்துக்கு மாறாக அதிகாரம் செலுத்தப் பிறருக்கு நேரும் தீங்கைத் தடுப்பது மட்டுமே போதிய காரணமாகும் என்றும், அவருடைய சொந்த நன்மை போதிய காரணமாகாது என்றும் அவர் வாதிட்டார். பின்னாளில் இது தீங்குக் கோட்பாடு எனப் பெயர்பெற்றது. இதற்கு எதிர்முனையில் நிற்பது தந்தைமை நோக்கு, அதாவது தந்தை பிள்ளைக்குச் செய்வதுபோல அரசு குடிமக்களின் நன்மையைத் தானே தீர்மானிக்கலாம் என்னும் கருத்து. மில்லை மேற்கோள் காட்டுவோர் பலர் அவர் அதே நூலில் நஞ்சுப் பொருள்களின் மேல் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டச் செய்வதை ஏற்றுக்கொண்டதையும், போதையூட்டும் பொருள்களின் மீது வருவாய்க்காக வரி விதிப்பதை அனுமதித்ததையும் விட்டுவிடுகின்றனர். இன்றைய புகையிலைக் கட்டுப்பாட்டின் முக்கியக் கருவிகள் இரண்டும் மில்லின் சட்டகத்துக்குள்ளேயே பெருமளவு அடங்கிவிடுகின்றன என்பது, அவரைக் கொண்டு அவற்றை எதிர்ப்போருக்குச் சங்கடமான செய்தி.

தீங்குக் கோட்பாடு செல்லுபடியாக வேண்டுமானால், தீங்கை ஏற்பவர் அதை அறிந்திருக்க வேண்டும். அறிந்தபின் விலகும் திறனும் அவருக்கு இருக்க வேண்டும். புகைபிடித்தலில் இவ்விரண்டும் நீண்ட காலம் இல்லை. ரிச்சர்டு டால், பிராட்ஃபோர்டு ஹில் ஆகிய இருவரும் நுரையீரல் புற்றுநோய்க்கும் சிகரெட்டுக்கும் உள்ள தொடர்பை 1950இல் வெளியிட்டனர். அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி லூதர் டெர்ரியின் அறிக்கை 1964 ஜனவரியில் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளிலும் அதற்குப் பின் பல பத்தாண்டுகளிலும் சிகரெட் நிறுவனங்கள் தமக்குத் தெரிந்ததை மறைத்துப் பொதுமக்களை ஏமாற்றின என்று 2006இல் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் தீர்ப்பளித்தார். விற்பவரே தகவலைத் திரித்த சந்தையில் வாங்குபவரின் சம்மதத்துக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பது கேட்கத்தக்க கேள்வி. அதோடு நிக்கோடின் பழக்கம் பெரும்பாலும் பதின்பருவத்தில் தொற்றிக்கொள்வதால், நாற்பது வயதில் புகைபிடிப்பவரின் தேர்வு பல வேளைகளில் பதினாறு வயதில் அவர் செய்த தேர்வின் நீட்சியே. பிரிட்டன் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த டால் குழுவினர், தொடர்ந்து புகைபிடிப்போர் சராசரியாகப் பத்து ஆண்டு ஆயுளை இழக்கின்றனர் என்றும், முப்பது வயதுக்குள் விட்டுவிடுவோர் அந்த இழப்பை ஏறத்தாழ முழுவதும் தவிர்க்கின்றனர் என்றும் 2004இல் தெரிவித்தனர்.

பொருளாதாரக் கணக்கைக் கொண்டு இவ்வழக்கை முடிக்க முயன்றவர்கள் இரு தரப்பிலும் இடறியிருக்கின்றனர். புகையிலையால் அரசின் மருத்துவச் செலவு பெருகுகிறது என்ற வாதத்துக்கு விடையாக, 2001இல் பிலிப் மோரிஸ் நிறுவனத்துக்காகச் செக் குடியரசில் தயாரிக்கப்பட்ட ஓர் அறிக்கை, புகைபிடிப்போர் சீக்கிரம் இறப்பதால் ஓய்வூதியத்திலும் முதியோர் பராமரிப்பிலும் அரசுக்குப் பணம் மிச்சமாகிறது என்று கூட்டிக்கழித்துக் காட்டியது. கண்டனம் எழுந்ததும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. அக்கணக்கு சரியா தவறா என்பது ஒருபுறம் இருக்கட்டும்; குடிமகனின் சாவை வரவுப் பக்கத்தில் எழுத நேர்ந்த அளவிலேயே, கருவூலக் கணக்கு இக்கேள்விக்கு உரிய அளவுகோல் அன்று என்பது வெளிப்பட்டுவிட்டது.

பிறருக்கு நேரும் தீங்கு என்னும் வாசல் 1981இல் அகலத் திறந்தது. புகைபிடிக்கும் கணவர்களின் புகைபிடிக்காத மனைவியரிடையே நுரையீரல் புற்றுநோய் மிகுந்திருப்பதை ஜப்பானிய ஆய்வாளர் தகேஷி ஹிராயாமா அவ்வாண்டு எடுத்துக்காட்டினார். அதன்பின் பொது இடத்தில் புகைபிடிப்பதைத் தடுக்க அரசு தந்தையின் வேடம் போட வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. இந்தியாவில் இந்த நியாயத்தை நாடாளுமன்றத்துக்கு முன்பே சட்டமொழியில் வடித்தவை நீதிமன்றங்கள். 1999இல் கேரள உயர் நீதிமன்றமும், முரளி தேவ்ரா வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றமும், பொது இடத்துப் புகையை அங்குள்ள மற்றவர்களின் உயிர்வாழும் உரிமையோடு இணைத்துப் பார்த்தன. நாடாளுமன்றம் 2003இல் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருள்கள் சட்டத்தை இயற்றியது. அன்புமணி ராமதாஸ் மத்தியச் சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத் தடை விரிவாக நடைமுறைக்கு வந்தது. 200 ரூபாய்க்கு மேற்படாத அபராதம், பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்கு விற்கத் தடை, கல்வி நிறுவனங்களிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கத் தடை என்பன இச்சட்டத்தின் எலும்புக்கூடு.

ஏட்டில் உள்ளது தெருவில் எப்படி ஆகிறது என்பதை அறிய ஒரு பெட்டிக்கடை போதும். சிகரெட் பெட்டியின் முகப்பில் 85 விழுக்காட்டுப் பரப்பை நோய்ப்படமும் எச்சரிக்கையும் நிரப்ப வேண்டும் என்னும் விதி 2016 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. உலகின் கடுமையான விதிகளுள் இதுவும் ஒன்று. ஆனால் கடைக்காரர் பெட்டியைப் பிரித்துத் தம் பக்கம் வைத்துக்கொண்டு ஒன்றொன்றாகச் சில்லறையில் நீட்ட, வாங்குபவர் கடையோரம் தொங்கும் கயிற்றின் கங்கிலோ நூலில் கட்டிய லைட்டரிலோ பற்றவைத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார். படம் அவர் கண்ணில் படுவதே இல்லை. கையில் உள்ள சில்லறைக்கு ஒன்று வாங்கலாம் என்பதால் பள்ளி மாணவருக்கும் அது எட்டுகிறது. அவ்வப்போது ஏறும் வரியின் கடுமையும் ஒற்றைச் சிகரெட்டில் ஓரிரு ரூபாயாகக் கரைந்துபோகிறது. மகாராட்டிரம் 2020இல் சில்லறை விற்பனையைத் தடை செய்தது இந்த ஓட்டையை அறிந்துதான்.

இந்தியப் புகையிலைச் சிக்கலைச் சிகரெட்டாகவே எண்ணிக்கொள்வதும் ஒரு பிழை. 2016–17ஆம் ஆண்டின் தேசிய அளவிலான வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, 28.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகையில் புகையிலை பயன்படுத்தினர். வயதுவந்தோருள் புகைப்போர் 10.7 விழுக்காடு, மெல்லுதல் முதலிய புகையில்லா வகைகளைப் பயன்படுத்துவோர் 21.4 விழுக்காடு. இரண்டையும் செய்வோரும் உள்ளதால் கூட்டுத்தொகை மிகுகிறது. ஏழாண்டுகளுக்கு முந்தைய கணக்கெடுப்பில் மொத்த அளவு 34.6 விழுக்காடாக இருந்ததால், சட்டங்கள் வீண்போகவில்லை என்று சொல்ல இடமுண்டு. பீடி பிடிப்போர் சிகரெட் பிடிப்போரைப் போல ஏறத்தாழ இருமடங்கு. அப்படியிருந்தும் வரியின் சுமை சிகரெட்டின் தலையில்தான் விழுகிறது. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது சிகரெட்டுக்கு இருந்த கூடுதல் தீர்வை பீடிக்கு இல்லை. 2025 செப்டம்பரில் கூடிய வரி மன்றம் பீடிக்கான 28 விழுக்காட்டை 18 ஆகக் குறைக்கவும் முடிவெடுத்தது.

இதற்குப் பின்னால் இருப்பது அறியாமை அன்று. திருநெல்வேலி, தென்காசி, வேலூர் மாவட்டங்களின் வீட்டுத் திண்ணைகளில் மடியில் தட்டை வைத்துக்கொண்டு, நனைத்து வெட்டிய இலையில் தூளை இட்டுச் சுருட்டி நூல் கட்டி, ஆயிரத்துக்கு இவ்வளவு என்னும் கூலிக்கு வேலை செய்யும் பெண்களின் வாழ்வாதாரம் அதில் உள்ளது. அவர்களைக் காட்டிப் பீடி முதலாளிகள் வரிச்சலுகை பெறுகின்றனர். சலுகையில் எவ்வளவு அந்தக் கூலியாகத் தட்டுக்கு வந்து சேருகிறது என்பதை எவரும் கேட்பதில்லை. அரசின் இரட்டை நிலை இதோடு நிற்கவும் இல்லை. சிகரெட் பெட்டியில் எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கிய சட்டமும், புகையிலைப் பயிரையும் ஏற்றுமதியையும் வளர்க்கக் குண்டூரில் புகையிலை வாரியத்தை அமைத்த சட்டமும் ஒரே ஆண்டில், 1975இல், நாடாளுமன்றத்தில் நிறைவேறின. நாட்டின் மிகப் பெரிய சிகரெட் நிறுவனமான ஐ.டி.சி.யில் பொதுத்துறை ஆயுள் காப்பீட்டுக் கழகம் பெரும் பங்குதாரராக உள்ளது. ஆயுளுக்குக் காப்பீடு விற்கும் நிறுவனம் சிகரெட் பங்கு வைத்திருப்பதில் உள்ள நகைமுரணுக்கு விளக்கவுரை வேண்டியதில்லை. சீனத்தில் இது முரணாகக்கூட இல்லை. அங்குச் சிகரெட் தயாரிப்பே அரசு நிறுவனத்தின் ஏகபோகம்.

முழுத் தடையை நோக்கிச் சென்ற நாடுகளின் அனுபவம் வேறொரு பாடம் சொல்கிறது. பூட்டான் 2004இல் புகையிலை விற்பனையையே தடை செய்தது. 2010இல் சட்டத்தை மேலும் இறுக்கியது. அதன் விளைவாக 2011இல் மெல்லும் புகையிலைப் பொட்டலங்கள் கொண்டுவந்த இளம் துறவி ஒருவருக்கு மூன்றாண்டுச் சிறை விதிக்கப்பட, நாடே அதிர்ந்து, மறு ஆண்டு தண்டனைகள் தளர்த்தப்பட்டன. இந்திய எல்லை வழியே கடத்தல் ஓயவில்லை. கொரோனாக் காலத்தில் கடத்தல்காரர்கள் வழியே தொற்றும் நுழையும் என்ற அச்சத்தில், 2021இல் விற்பனைத் தடை விலக்கிக்கொள்ளப்பட்டது. நியூசிலாந்து குறிப்பிட்ட ஆண்டுக்குப் பின் பிறந்தோருக்கு எக்காலத்திலும் சிகரெட் விற்கக்கூடாது என்னும் சட்டத்தை 2022இல் இயற்றி, ஆட்சி மாறியதும் 2024இல் நீக்கியது. தமிழ்நாட்டின் குட்கா தடையும் ஆண்டுக்காண்டு புதுப்பிக்கப்படும் அரசாணையாகவே வாழ்கிறது. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்ய, சில மாதங்களில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. விளம்பரம், விலை, இடம், வயது ஆகியவற்றில் கைவைத்த சட்டங்கள் மெல்ல மெல்லப் பலன் தந்தன. பொருளையே ஒழிக்க முயன்றவை கடத்தலோடு மல்லுக்கட்டின. இதிலிருந்து தடை ஒருபோதும் கூடாது என்னும் முடிவுக்குத் தாவ வேண்டியதில்லை. ஏற்கெனவே வேரூன்றிய பழக்கத்தைத் தண்டனையால் பிடுங்க இயலாது என்பதே சான்றுகள் தாங்கும் அளவு.

விளையாட்டுக்கு வரும்போது தீங்குக் கோட்பாட்டின் நிலை மாறுகிறது. ஓட்டப் பந்தயத்தில் ஒருவர் ஊக்கமருந்து எடுத்தால், அருகில் ஓடுபவர் தாமும் எடுக்க வேண்டும் அல்லது தோற்க வேண்டும் என்ற நெருக்கடிக்கு உள்ளாகிறார். ஒருவரது தேர்வு மற்றவரது தேர்வை நஞ்சாக்குவதால், இங்குப் பிறருக்கு நேரும் தீங்கு செயலின் இயல்பிலேயே அமைந்துள்ளது. ஆனால் அத்தீங்கைத் தடுக்க வேண்டியவர் அரசா, போட்டியை நடத்துவோரா என்பது தனிக் கேள்வி. விளையாட்டு விதியை மீறுவது தானாகவே குற்றமாகிவிடாது. கையால் பந்தைத் தொட்ட கால்பந்து வீரரை எவரும் சிறையில் அடைப்பதில்லை.

விளையாட்டு அமைப்புகள் தாமே பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை முப்பது ஆண்டுகள் நீடித்தது. 1967 ஜூலையில் பிரான்ஸ் சுற்று மிதிவண்டிப் போட்டியின்போது மோன் வாந்து மலையேற்றத்தில் டாம் சிம்ப்சன் ஆம்பெட்டமின் என்னும் கிளர்ச்சி மருந்து உடலில் இருந்த நிலையில் விழுந்து இறந்தார். மறு ஆண்டு ஒலிம்பிக்கில் சோதனை தொடங்கியது. முதலில் பிடிபட்டவர், துப்பாக்கி சுடுமுன் நடுக்கம் தணியப் பீர் குடித்த சுவீடன் வீரர் என்பது அந்தக் காலத்தின் எளிமையைக் காட்டுகிறது. 1988இல் சியோலில் பென் ஜான்சன் 100 மீட்டரை 9.79 விநாடியில் ஓடி, ஸ்டானசொலால் என்னும் தசை வளர்க்கும் செயற்கை ஹார்மோனால் பதக்கம் இழந்தார். ஆயினும் அமைப்பைக் குலைத்தது விளையாட்டுச் சோதனை அன்று, சுங்கச் சோதனை. 1998 ஜூலையில் பெல்ஜிய–பிரெஞ்சு எல்லையில் ஃபெஸ்டினா மிதிவண்டி அணியின் வண்டியை நிறுத்திய அதிகாரிகள், உள்ளே இரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபொய்ட்டின் உள்ளிட்ட மருந்துகளைக் குவியலாகக் கண்டனர். வீரர்களின் சிறுநீரில் ஆண்டுக்கணக்கில் பிடிபடாதது ஒரு காரின் பின்பகுதியில் பிடிபட்டது. மறு ஆண்டு உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை பிறந்தது. அதன் செலவைப் பாதி அரசுகளும் பாதி ஒலிம்பிக் இயக்கமும் ஏற்கின்றன. 2005இல் யுனெஸ்கோ உடன்படிக்கை அரசுகளின் கடமைகளை வரையறுத்தது. இந்தியாவும் அதை ஏற்றது.

தேடும் அதிகாரம், பறிமுதல் செய்யும் அதிகாரம், சாட்சியைச் சத்தியத்தின்கீழ் பேசவைக்கும் அதிகாரம் ஆகிய மூன்றும் விளையாட்டுச் சங்கங்களிடம் இல்லை, அரசிடமே உள்ளன. ஸ்பெயினில் 2006 மே மாதம் மருத்துவர் யூஃபெமியானோ ஃபூயன்டெஸ் வட்டாரத்தில் வீரர்களின் இரத்தப் பைகள் ஏறத்தாழ இருநூறு கைப்பற்றப்பட்டபோது, அந்நாட்டில் ஊக்கமருந்தைக் குற்றமாக்கும் சட்டம் இல்லை. பொதுச் சுகாதாரக் கேடு என்ற பிரிவில் வழக்கு இழுத்து, 2016இல் அவர் விடுதலையாக, பைகளை ஆராய அனுமதி கிடைத்தபோது பத்தாண்டுக் கெடு முடிந்துபோயிருந்தது. அரசின் கை எட்டாததன் விலை இது.

எதிர்ப்பக்கம் இதைவிட அச்சமூட்டுவது. கிழக்கு ஜெர்மனி 1974 முதல் இரகசிய அரசுத் திட்டமாகவே ஊக்கமருந்தை நடத்தியது; ஏறத்தாழ 10,000 வீரர்கள் அதற்குள் இழுக்கப்பட்டதாகக் கணிக்கப்படுகிறது; பதின்பருவச் சிறுமியருக்கு நீலநிற மாத்திரைகள் சத்து மாத்திரை என்ற பெயரில் கொடுக்கப்பட்டன. குண்டெறிதலில் ஐரோப்பிய வாகையராக இருந்த ஹைடி கிரீகர், தம் உடலில் ஏற்பட்ட மாற்றங்களுக்குப் பின் ஆண்ட்ரியாஸ் கிரீகராக வாழ்கிறார். விளையாட்டுத் தலைவர் மான்ஃபிரட் ஈவால்டும் மருத்துவர் மான்ஃபிரட் ஹோப்னரும் 2000இல் பெர்லினில் தண்டிக்கப்பட்டனர். இருவருக்கும் கிடைத்தது நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனைதான். 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில் ரஷ்யப் பாதுகாப்புத் துறையினர் உதவியோடு ஆய்வகச் சுவரின் துளை வழியே இரவில் சிறுநீர்க் குப்பிகள் மாற்றப்பட்டதை விசாரணையாளர் மெக்லாரனின் அறிக்கை உறுதிப்படுத்தியது. பதக்கம் வேண்டும் அரசையே பதக்கத்துக்கு நடுவராக்குவது, சிகரெட் வரி வேண்டும் அரசையே புகையிலைக்குக் காவல் வைப்பதைவிட ஆபத்தானது. ஏனெனில் வரி வெளிப்படையாக வருகிறது, குப்பி இருட்டில் மாறுகிறது.

சோதனையின் நடைமுறையும் உரிமைக் கேள்வியை எழுப்புகிறது. அழைப்பைப் பெற்ற நொடியிலிருந்து உடன்வரும் அலுவலரின் பார்வையிலிருந்து வீரர் அகலக்கூடாது. தம் பாலினத்தவரான அலுவலர் நேராகப் பார்த்திருக்க, குறைந்தது 90 மில்லிலிட்டர் சிறுநீர் கழிக்க வேண்டும். அதைத் தம் கையாலேயே இரு குப்பிகளில் பிரித்து மூட வேண்டும். உயர்மட்ட வீரர்கள் ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் தாம் எங்கிருப்போம் என்பதை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் மூன்று முறை தவறினால் அதுவே குற்றம். இருப்பிட விதியை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2018இல் செல்லுபடியாக்கியது. சிறைவாசிக்கும் விதிக்கத் தயங்கும் கண்காணிப்பை வீரர் ஏற்பது போட்டியில் பங்கேற்கும் ஒப்பந்தத்தால்தான். அதே கண்காணிப்பைக் குற்றவியல் சட்டத்தின் பேரில் செய்ய முனைந்தால் அரசமைப்புக் கேள்விகள் வேறாகிவிடும்.

இத்தனை கெடுபிடிக்குப் பதில் மருத்துவக் கண்காணிப்போடு அனுமதித்துவிடலாமே என்று ஒழுக்கவியலாளர் ஜூலியன் சவுலெஸ்குவும் உடன் எழுதியோரும் 2004இல் வாதிட்டனர். இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆனால் அதற்கு முன்பே நடந்த ஒரு சோதனை அதற்கு எதிராக நிற்கிறது. எரித்ரோபொய்ட்டினைக் கண்டறிய வழியில்லாத 1997இல், பன்னாட்டு மிதிவண்டிச் சங்கம் இரத்தத்தில் சிவப்பணு அளவு 50 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று உச்சவரம்பு வைத்தது. பாதுகாப்புக்காக வைத்த வரம்பு விரைவில் எட்ட வேண்டிய இலக்காயிற்று. அணிகள் அந்த அளவைப் பார்க்கும் சிறு சுழற்சிக் கருவிகளை விடுதிக்கே எடுத்துச் சென்று வீரர்களை 50க்குச் சற்றுக் கீழே நிறுத்திக்கொண்டன. அனுமதித்த அளவு என்று ஒன்று வந்தால் எடுக்காதவரின் நிலை என்ன என்பதற்கு அனுமதிவாதிகளிடம் இன்றுவரை தெளிவான விடை இல்லை.

இந்தியாவின் நிலை இவ்விவாதத்தில் தனித்துப் பார்க்கத்தக்கது. உலக முகமையின் 2023 கணக்கில், ஐயாயிரத்துக்கும் மேல் மாதிரிகள் சோதித்த நாடுகளுள் மிகுந்த விழுக்காடு இந்தியாவுடையது: 5,606 மாதிரிகளில் 214, அதாவது 3.8 விழுக்காடு. பிடிபட்டோரில் பலர் ஒலிம்பிக்கின் வாசலையும் காணாதவர்கள். மாநில அளவில் ஒரு பதக்கம், அதன்வழி விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ காவல்துறையிலோ இராணுவத்திலோ ஒரு வேலை என்பதே அவர்களது கணக்கு. 2023 செப்டம்பரில் தில்லி மாநிலத் தடகளப் போட்டிக்குச் சோதனை அலுவலர்கள் வந்த செய்தி பரவியதும் ஆடவர் 100 மீட்டர் இறுதியில் ஓட ஒரே ஒருவர் மிஞ்சினார். மருந்து மாத்திரையாகவும் ஊசியாகவும் மருந்துச்சீட்டின்றிக் கடையில் கிடைக்கும்வரை, பிடிபடும் ஒவ்வொரு சிறுவனுக்குப் பின்னும் பிடிபடாத ஒரு பயிற்சியாளரோ விற்பனையாளரோ இருப்பார்.

2022ஆம் ஆண்டின் தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் தேடவும் பறிமுதல் செய்யவும் தேசிய முகமைக்கு அதிகாரம் தந்தது. வீரருக்குச் சிறைத்தண்டனை வைக்கவில்லை. இது சரியான தெரிவு. இத்தாலி 2000இலும் ஜெர்மனி 2015இலும் வீரரையும் குற்றவாளியாக்கின. அமெரிக்காவின் 2020ஆம் ஆண்டு ரோட்சென்கோவ் சட்டமோ பன்னாட்டுப் போட்டிகளில் சதி செய்யும் பயிற்சியாளர், மருத்துவர், அதிகாரி, விற்பனையாளர் ஆகியோரைச் சிறைக்கு அனுப்பி, வீரரைக் குற்றவியல் வலையிலிருந்து விலக்கிவைக்கிறது. உள்நாட்டுச் சிறுவர்களின் உடல் பணயமாகும் இந்தியாவுக்கு இந்த இரண்டாம் வழியே பொருந்தும். ஆனால் முதற்சட்டத்தில் அரசு அமைக்கும் வாரியம் முகமையை மேற்பார்வையிடும் ஏற்பாடு இருந்ததை உலக முகமை எதிர்க்க, 2025இல் திருத்தம் கொண்டுவந்து முகமையின் செயற்சுதந்திரத்தை எழுத்தில் உறுதி செய்ய வேண்டியதாயிற்று. 2036 ஒலிம்பிக்கை நடத்த விரும்பும் அரசு, தன் வீரர்களைச் சோதிப்போரின் மேல் தானே கையை வைத்திருந்தால் உலகம் நம்பாது என்பது இதன் உட்பொருள்.

இரு துறைகளும் நேராகச் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. நிக்கோடினை உலக முகமை தடைப்பட்டியலில் சேர்க்கவில்லை. 2012 முதல் கண்காணிப்புப் பட்டியலில் மட்டும் வைத்துள்ளது. செயல்திறனைக் கூட்டுதல், உடல்நலத்துக்கு ஆபத்து, விளையாட்டின் உணர்வுக்கு மாறாதல் என்னும் மூன்றில் இரண்டு பொருந்தினால் ஒரு பொருளைத் தடைசெய்யலாம் என்பது அதன் விதி. தடைசெய்தால் புகைபிடிக்கும், புகையிலை அடக்கும் வீரர்கள் நாடுநாடாக விலக்கப்பட நேரிடும். மறுபுறம் மைதானம் நெடுங்காலம் சிகரெட்டின் விளம்பரப் பலகையாக இருந்தது: 1996 உலகக்கோப்பைக் கிரிக்கெட் வில்ஸ் பெயரிலும், 1990களின் பிற்பகுதியில் சென்னை நுங்கம்பாக்கத்து டென்னிஸ் போட்டி கோல்டு ஃபிளேக் பெயரிலும் நடந்தன. சட்டம் வரப்போகிறது என்றதும் நிறுவனங்கள் விலகின. டென்னிஸும் கிரிக்கெட்டும் புரவலர் இன்றிப் படுத்துவிடவில்லை. இப்போது அந்த இடத்தில் பான்மசாலா நிறுவனங்களின் ஏலக்காய் விளம்பரங்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஏலக்காயை விற்க இவ்வளவு பெரிய நட்சத்திரங்கள் எதற்கு என்று அமைச்சகங்கள் கேட்காதவரை, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளம்பரத் தடைக்குத் தொலைக்காட்சித் திரையில் பாதி உயிர்தான்.